திரையை எங்கே நிறுத்துவது?

ஆசிரியருக்கு,

வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். கருவி வந்தால் கற்றலும் வந்துவிடும் என்று அதில் தெரியும் நம்பிக்கைதான், ஆசிரியர் பயிற்சி மாணவியான எனக்கு இடிக்கிறது. கற்றலில் தொழில்நுட்பத்தின் பலனுக்கு வலுவான சான்றுகள் குறைவு என்று யுனெஸ்கோவின் 2023 கல்விக் கண்காணிப்பு அறிக்கையே சொல்கிறது.

கற்பித்தல் பயிற்சியில் நிலவின் பிறைகள் பற்றி ஓர் அனிமேஷன் போட்டேன். வகுப்பே வாய் பிளந்து பார்த்தது. சரி, நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் ‘பூமியின் நிழல்’ என்றார்கள்! மறுநாள் ஜன்னலைச் சாத்தி, டார்ச்சும் பந்துமாகச் செய்து பார்த்தோம். “வெளிச்சம் பட்ட பக்கம் நமக்குக் கொஞ்சம்தான் தெரியுது மிஸ்” என்றாள் ஒரு சிறுமி. அப்புறம் போட்டபோதுதான் அதே வீடியோ புரிந்தது. கருவியை இயக்க எங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். எங்கே நிறுத்தி என்ன கேட்பது என்பதற்கும் பயிற்சியில் சில வகுப்புகள் ஒதுக்கலாம்.