கழற்றிய சார்ட்டைத் திரும்ப மாட்டுங்கள்

நீலகிரி மாவட்டப் பள்ளிகளில் வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் குன்னூர்க்காரி. தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு சார்ட்டுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் 9ஆம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். சுதந்திர தினக் கண்காட்சிக்காக ‘போரில் உளவு பார்த்த பெண்கள்’ என்று சார்ட் செய்துகொண்டு போனாள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக பிரான்சில் உளவு வேலை பார்த்த நூர் இனாயத் கான் ஒரு பக்கம், நேதாஜியின் படைக்காக உளவு பார்த்த சரஸ்வதி ராஜாமணி ஒரு பக்கம். மத்தியானத்துக்குள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ‘ஒருத்தி வெள்ளைக்காரனுக்கு வேலை பார்த்தவள், இன்னொருத்தி வேஷம் போட்டு ஏமாற்றினவள், பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்டார்களாம். சுருட்டிய சார்ட்டோடு மழையில் நனைந்து வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஸ்கெட்ச் மை கரைந்து நூரின் பெயர் நீலமாக வழிந்திருந்தது.

எந்தப் பள்ளி, யார் சொன்னது என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி நினைப்பவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

உளவு பார்த்த பெண் என்றதும் நம் மனசில் வருவது சினிமாவில் பார்த்த உருவம்தான். பளபளப்பான உடுப்பு, கையில் மதுக் கோப்பை, மயங்கி விழும் அதிகாரி. நூர் செய்த வேலை என் வேலை. தந்தி அடிப்பது.

தந்திக் குறிகளைத் தட்டும் மோர்ஸ் கீயில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. மேட்டுப்பாளையத்தில் இன்றைக்கு யார் டியூட்டி என்பது நாலு எழுத்து வருவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிடும். நூருக்குக் குளிரில் விரல் வீங்கும் கோளாறு இருந்தது. அதனால் கீயை ஓங்கித்தான் அடிப்பார், பயிற்சியில் கூட இருந்தவர்கள் அதற்கு ஒரு கேலிப் பெயரே வைத்திருந்தார்கள். ஊட்டியில் நான் இருந்த வருஷங்களில், ஜனவரி உறைபனியில் விடிகாலை டியூட்டிக்குப் போய், கும்முட்டி அடுப்பில் விரலைச் சூடேற்றிக்கொண்டு கீயைத் தொட்டிருக்கிறேன். அந்த விரல் எப்படி அடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நான் கூரைக்குக் கீழே, அரசாங்கச் சம்பளத்தில் அடித்தேன். அவர் 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்சில் இறங்கினார். அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். பெட்டிக்குள் அடைத்த கருவி சுமார் 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறவேண்டும், ஏரியல் கம்பியை யார் கண்ணிலும் படாமல் கட்டவேண்டும், அலை வரும் திசையை மோப்பம் பிடிக்கும் வண்டி வருவதற்குள் அடித்து முடித்துச் சுருட்டவேண்டும். ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது என்பதுதான் அன்றைய கணக்கு. அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பாரிஸ் உளவுக் குழு வரிசையாகச் சிக்கியது. திரும்பி வந்துவிடு என்று லண்டன் கூப்பிட்டும் மறுத்தார். அக்டோபர் வரை தனியாக அடித்தார்.

அவர் செய்த தப்பையும் சொல்லவேண்டும். அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ‘செய்திகளை ஃபைல் செய்வதில் மிகக் கவனமாக இரு’ என்று அவருக்குக் கொடுத்த உத்தரவில் இருந்தது. ‘ஃபைல்’ என்று அங்கே சொன்னது செய்தியை அனுப்புவதை; அவர் அதைப் பத்திரப்படுத்துவது என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. ஒவ்வொரு தந்திப் படிவத்தையும் கட்டி வைத்துப் பழகின எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். காட்டிக்கொடுக்கப்பட்டு அவர் பிடிபட்டதும், அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர் கருவியிலேயே ஜெர்மானியர் லண்டனுக்குப் பொய்ச் செய்தி அடித்தார்கள். லண்டன் நம்பியது. அதை நம்பி அனுப்பப்பட்டவர்கள் நேராக எதிரி கையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மதலேன் தாமர்மான். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாஹாவ் வதை முகாமில் நூரோடு சேர்த்துச் சுடப்பட்ட மூன்று பெண்களில் அவரும் ஒருவர்.

விசாரணையில் நூர் எதையும் சொல்லவில்லை என்று அவரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் அதிகாரியே போருக்குப் பிறகு சாட்சி சொன்னார். இரண்டு தடவை தப்ப முயன்றவர் என்பதால் கையிலும் காலிலும் விலங்கிட்டு மாதக்கணக்கில் தனிச் சிறையில் போட்டிருந்தார்கள். சாகும்போது வயது 30.

சரி, வெள்ளைக்காரனுக்கு வேலை பார்த்தவர்தானே? பார்த்தார், ஹிட்லருக்கு எதிராக. அதிகாரி பதவிக்கான நேர்காணலிலேயே, போர் முடிந்ததும் இந்திய விடுதலையின் பக்கம்தான் நிற்பேன் என்று சொன்னவர். ராஜாமணி அதே போரில் எதிர் அணி. ரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண். பதினாறு வயதில் நேதாஜியின் படையில் சேர்ந்து, முடியை வெட்டி, ‘மணி’ என்ற பையனாக ஆங்கிலேயர் முகாம்களில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே காதில் விழுந்ததைச் சேகரித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிக்கிக்கொண்ட தோழி துர்காவை மீட்க நடனக்காரி வேஷம் போட்டது ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்குக் காலில் குண்டு பட்டது. வயதான காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்தார். ஏமாற்றினவள் என்று சொல்பவர்கள் குண்டு பட்ட அந்தக் காலையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

எதிரெதிர் அணியில் நின்ற இந்த இரண்டு பேரையும் ஒரே சார்ட்டில் அந்தப் பெண் எழுதினாளே, அதற்கே அவளைப் பாராட்டியிருக்கவேண்டும். இரண்டாம் உலகப் போர் பாடம் நடத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி அதில்தானே இருக்கிறது! கடல் கடந்துபோய்த் திரும்பி வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு ராஜாமணி யாரோ அல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. குன்னூரைத் தாண்டி தேயிலைத் தோட்டம் வழியாக ஏறினால் பக்காசுரன் கோட்டை வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். இடிந்த சுவரைக் காட்டி, திப்பு சுல்தானின் காவல் இடம் என்று சொல்லியிருப்பீர்கள். நூர் அந்தத் திப்புவின் வழியில் வந்தவர். அடுத்த தடவை போகும்போது அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் கதையையும் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தச் சார்ட். புதிதாக எழுதியாகிவிட்டது, என் மேசையில் இருக்கிறது. மாட்ட இடம் கொடுக்கும் பள்ளிக்கு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நானே கொண்டுவருகிறேன். பயிற்சிக்கு வைத்திருந்த பழைய மோர்ஸ் கீ ஒன்றும் என்னிடம் உண்டு. பாட்டரி போட்டால் இன்றும் ஒலிக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை தங்கள் பெயரை அடித்துப் பார்க்கட்டும். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி. மழை நாளாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சார்ட்டை பாலிதீனில் சுற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தந்தி ஊழியர், குன்னூர்