ஒயிலை வடிக்கச் சொன்னது யார்?

திருகோணமலை

சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் ஒயில் வளைய வெற்றிடப் பம்ப் இறுகிப்போனது பற்றிய உங்கள் பதில் கிடைத்தது. “வாடிக்கையாளரின் கவனயீனம், உத்தரவாதம் பொருந்தாது” என்று ஒரே வரி. என்னால் ஒரு வரியில் முடிக்க இயலாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளிப் பக்கம் அத்திவாரம் வெட்டுவது எங்கள் தொழில். மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. குழியைச் சுற்றிக் குழாய்கள் இறக்கி, வெற்றிடத்தால் நீரை உறிஞ்சினால்தான் கொங்கிறீற் போடலாம். ஒயிலுக்குப் பதில் தண்ணீரை வைத்து ஓடும் நீர் வளையப் பம்ப் போதும் என்றிருந்த என்னை ஒயில் வகைக்கு மாற்றியது உங்கள் விற்பனையாளர். மையம் விலகிச் சுழலும் சுழலி ஒயிலைச் சுவரோரம் வளையமாக ஒதுக்குவதையும், இறக்கைகளுக்கு நடுவே அறைகள் விரிந்து காற்றை இழுத்துச் சுருங்கி வெளியே தள்ளுவதையும் தாளில் கீறிக் காட்டினார். 30 பாகைச் சூட்டில் தண்ணீர் 42 மில்லிபார் அழுத்தத்திலேயே கொதித்துவிடும், பம்பினுள் அழுத்தம் அதற்குக் கீழே இறங்காது, ஒயில் அப்படி ஆவியாகாது என்றார். சரியான விளக்கம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒக்டோபரில் வேலை முடிந்ததும், மாரிக்கு எப்படி மூடி வைப்பது என்று உங்கள் சேவைப் பிரிவைத் தொலைபேசியில் கேட்டேன். “உள்ள ஒண்டும் நிக்கக்கூடாது அண்ணை, முழுக்க வடிச்சிட்டு வையுங்கோ” என்றார் தம்பி ஒருவர். அப்படியே செய்தேன்.

பெப்ரவரியில் ரென்ச் போட்டு இரண்டு பேர் தொங்கியும் தண்டு அசையவில்லை. கழற்றினால், சுழலிக்கும் பக்கத் தட்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி முழுக்கத் துரு. நகத்தால் சுரண்டச் செம்மண்ணாக உதிர்ந்தது. கதவுப் பிணைச்சலையே உப்புக் காற்று தின்னும் ஊரில், அந்த வார்ப்பிரும்புக்கு ஒயில்தானே போர்வை!

வடித்து வைப்பது நீர் வளையப் பம்புக்கு உரிய முறை. ஒயில் பம்பில் தொட்டியின் அடியில் தங்கிய தண்ணீரை மட்டும் திறந்துவிட வேண்டும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் மாற்றி, உள்ளே நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, கிழமைக்கு ஒருதரம் தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். இதைச் சொன்னவர் இங்குள்ள மெக்கானிக். அப்புறம் உங்களிடம் கையேடு கேட்டேன். வந்தது நீர் வளையப் பம்பின் கையேடு.

சுழலி, பக்கத் தட்டுகள், பேரிங், பூட்டும் கூலி ஆகியவற்றை 14 நாட்களுக்குள் நீங்கள் ஏற்க வேண்டும். இல்லையேல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். அழைப்பு நடந்த நாளும் நேரமும் என் தொலைபேசியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு: ஆள் அனுப்புவதானால், ஒயில் பம்ப் தெரிந்தவராகப் பார்த்து அனுப்புங்கள்.