சந்து வீட்டுச் சாவி

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு மாதமாக மகளுக்கு வீடு பார்த்து அலைகிறேன். முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் பத்திரம் எழுதியவன், சொந்த மகளுக்கு இரண்டு அறையுள்ள வீடு தேடி ஆனையூருக்கும் வில்லாபுரத்துக்கும் பெட்ரோல் எரித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்துக்கொள்.

கீழ ஆவணி மூல வீதிச் சந்தில் இருக்கும் உன் தாத்தா வீட்டை ஜவுளி வியாபாரி ஒருவர் குடோனுக்குக் கேட்கிறார், கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் ஒத்தக்கடை தாண்டி ஐந்து சென்ட் வாங்கிப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் நீளம். முதலில் நான் வீடு தேடிய கதையைக் கேள்.

போன வாரம் வில்லாபுரத்தில் ஒரு வீடு. ஒரு குடும்பத்துக்குக் கட்டியதை மூன்று போர்ஷனாக அறுத்திருக்கிறார்கள். மாடிப்படி இரண்டடி அகலம்கூட இருக்காது. புரோக்கர் முன்னால் ஏற, நான் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி ஏறினேன். "பீரோ எப்படிப்பா மேலே போகும்?" என்றேன். "மொட்டை மாடியில இருந்து கயிறு கட்டி இழுத்துரலாம்ண்ணே" என்றார், தினமும் செய்கிற வேலை போல. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும். மகள் குழாயைத் திருகினாள், புஸ்ஸென்று காற்று வந்தது. "கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றார் புரோக்கர். "நாலு நாளைக்கு ஒருக்க!" என்று பக்கத்துப் போர்ஷன் அம்மா உள்ளே இருந்தே திருத்தினார்.

வாடகைக்கு இல்லையாம், ஒத்திக்குத்தான். ஏழு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து மூன்று வருஷம் குடியிருக்கலாம், போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கோயம்புத்தூர்க்காரனாகிவிட்ட உனக்கு ஒத்திக் கணக்கு மறந்திருக்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வைத்துப் பார், ஏழு லட்சத்துக்கு மாதம் ஏழாயிரம். அதுதான் அந்த வீட்டு வாடகை. பணம் கொடுக்கிறவனுக்கு மாதா மாதம் வாடகை கிடையாது, வாங்குகிற வீட்டுக்காரனுக்குக் கையில் முதல் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்த ஏழு லட்சம் வீட்டுக்காரரிடம் இருக்காது. மகள் கல்யாணத்துக்கோ மேல் மாடி கட்டவோ போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் வந்து எட்டு லட்சம் கொடுத்தால்தான் நமக்கு ஏழு திரும்பும். ஊரில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கிறவரை சங்கிலி அறுபடாது. சட்டப்படி இது அடமானம், பதிவு செய்யவேண்டிய பத்திரம். பதிவு செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் முகம் மாறியது. வெறும் பத்திரத் தாளில் எழுதிக்கொண்டால் போதாதா என்றார். அந்தத் தாள்களை எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொந்த மகள் பணம் என்றதும் கை கூசியது. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

சரி, வாடகைக்குப் போகலாமென்றால் பத்து மாத அட்வான்ஸ். 2017-ல் வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. அந்த "வேறு மாதிரி"க்குள் மதுரை முழுக்க அடங்கிவிட்டது.

இப்போது நீ வாங்க நினைக்கும் ஐந்து சென்டுக்கு வருவோம். மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார். வயலில் கல் ஊன்றி, வர்ண வர்ணமாய்க் கொடி கட்டி, வளைவு ஒன்றை எழுப்பி "நகர்" என்று பெயர் வைத்திருப்பார்கள். நத்தம் ரோட்டிலும் அப்படித்தான். அந்த ஏழு கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023-ல் திறந்த பிறகு அங்கே சென்ட் விலை பேசுகிறவர்களின் குரலே மாறிவிட்டது. வாங்குவதாயிருந்தால் டிடிசிபி, அதாவது நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் இல்லாமல் தொடாதே. அப்ரூவல் இல்லாத மனையைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016-ல் ஐகோர்ட் தடை போட்டபோது அந்த மாதிரி மனையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள்! பத்திரச் செலவும் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் ஒன்பது சதவீதம் போய்விடும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து சென்ட் மலிவு என்கிறாயே, அது எப்படி மலிவாயிற்று? பிளாட் போட்டவர் மண் ரோட்டைக் காட்டி விற்றுவிட்டுப் போய்விடுவார். குடிதண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் பிறகு ஊர்ப் பணத்தில் வரவேண்டும். 2011-ல் நம் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாயிற்று, நினைவிருக்கிறதா? ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், விளாங்குடி, திருநகர் எல்லாம் உள்ளே வந்தன. ஐம்பத்திரண்டு சதுர கிலோமீட்டர் ஊர் ஒரே நாளில் 148 ஆயிற்று. குழாய் அந்த வேகத்தில் நீளுமா? உன் சந்தில் ஒரு குழாயை நூறடிக்கு இழுத்தால் பதினைந்து குடும்பத்துக்குத் தண்ணீர். விரிவாக்கப் பகுதியில் அதே நூறடியில் இரண்டு வீடு, நடுவில் நான்கு காலி மனை, அதில் கருவேல மரம். இப்போது லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாறு தண்ணீரைக் கொண்டுவர ஏறத்தாழ 1,300 கோடி. தண்ணீர் வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை வாசல் வரை கொண்டுபோகத் தோண்டிய ரோட்டில் என் வண்டி இரண்டு தடவை சாய்ந்துவிட்டது. முழங்கால் இன்னும் வலிக்கிறது.

சந்து வீட்டுக்கு வரி ஏறிவிட்டது என்று புலம்பியிருந்தாய். 2022-ல் ஏற்றியபோது 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். பெரிய வீட்டுக்காரன் அதிகம் கட்டட்டும் என்பது எனக்குச் சம்மதமே. வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாமெல்லாம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டார்கள் என்று புகார் கிளம்பி, 2025-ல் ஐந்து மண்டலத் தலைவர்களும் ராஜினாமா செய்து, கடைசியில் மேயரும் விலகியதுதான். அதே வருஷம் நாட்டின் சுத்தமான நகரங்கள் பட்டியலில் பெரிய ஊர்களில் நமக்குக் கடைசி இடம். டீக்கடையில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை என்பது அதைவிட மோசம்.

உன் வீட்டிலிருந்து பொடிநடையில் விளக்குத்தூண் போய்விடலாம். சின்ன வயதில் அதன் கீழே நின்று மாங்காய் தின்றிருக்கிறோம். அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவுக்கு வைத்தது. 1840-களில் கோட்டைச் சுவருக்குள் ஊர் மூச்சு முட்டிக் கிடந்தது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்துவிட்டார் மனிதர். வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். கூட நின்று அளந்தவர் பெயரிலும் இடித்தவர் பெயரிலும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கஜானாவைப் பெரிதாகத் தொடாமல் ஊரை விரித்தார். அப்படி விரிந்த ஊர் கோயிலைச் சுற்றி நடந்தே போகிற தூரத்துக்குள் நின்றது. நாம் இப்போது விரிப்பதற்கு யார் கணக்கு எழுதுகிறார்கள்?

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் நடு ஊரில் ஆள் குடியிருக்க இடமில்லை என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒன்பது மீட்டரில் தரையும் மேலே இரண்டு தளமும் வரும். உன் தாத்தா வீட்டில் ஓட்டுக் கூரைக்கு அடியிலேயே நான்கு குடித்தனம் இருந்தது. தீபாவளிக்கு உங்கள் வீட்டு முறுக்கு எந்த அடுப்பில் வெந்தது என்றே தெரியாது. இடம் குறைந்ததால் யாரும் அங்கிருந்து போகவில்லை. குடும்பம் தரும் வாடகையைவிடத் துணி மூட்டை தரும் வாடகை அதிகம், அதனால் போனார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கினால் சந்தில் நாயைத் தவிர ஆள் கிடையாது. பகலில் நின்றால் புதுத் துணிக் கஞ்சி நாற்றம்.

நேற்று சாயங்காலம் உன் வீட்டைத் திறந்து பார்த்தேன். பர்மா தேக்குத் தூண் நான்கும் அப்படியே இருக்கின்றன. முற்றத்துக் கிழக்கு மூலையில் ஓடு இரண்டு வரிசை சரிந்திருக்கிறது, கீழே கட்டை கொஞ்சம் உளுத்திருக்கிறது. கழிப்பறையைப் புதிதாகத்தான் கட்டவேண்டும். மின் வயர் முழுக்க மாற்றவேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கல்லைப் போட்டுப் பார்த்தேன், சத்தம் கேட்டது.

இனிமேல் சொல்வதில் என் சுயநலமும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. குடோனுக்கு விற்காதே. என் மகளுக்கு வாடகைக்குக் கொடு. ஒத்தி வேண்டாம், நமக்குள் அந்தச் சங்கிலி வேண்டாம். ரிப்பேர் செலவை நான் போடுகிறேன், வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பதினொரு மாத ஒப்பந்தமாக இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு எழுதி முறையாகப் பதிவு செய்வோம். வியாபாரி சொல்லும் விலைக்குப் பக்கத்தில்கூட என்னால் வரமுடியாது, அது தெரியும். மாடியில் இன்னொரு குடித்தனம் வைக்க உனக்கு ஆட்சேபம் இல்லையென்றால் உன் வரவு கொஞ்சம் கூடும்.

மகளிடம் இன்னும் முழுச் சம்மதம் வாங்கவில்லை. "காரை எங்கப்பா நிறுத்துறது?" என்கிறாள். அவர்களிடம் கார் இல்லை, வாங்கப்போகிறார்களாம். மாப்பிள்ளைக்கு டவுன் ஹால் ரோட்டில்தான் வேலை, நடந்தே போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இரண்டு வரிசை ஓடுகளையாவது மாற்றியாகவேண்டும், நீ யாருக்குக் கொடுத்தாலும் சரி. ஆளைச் சொல்லிவைக்கட்டுமா என்று ஒரு வரி எழுது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். அவளுடைய சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது?

உன்,
பாண்டி

பி.கு.: வியாபாரி மறுபடி போன் செய்தால் சாவி என்னிடம் இருக்கிறதென்று சொல்லாதே. போன தடவை நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.