பரண் கணினிகளும் நாங்கள் பட்ட கடனும்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் போன மாதத்திலிருந்து ஐந்து கணினிகள் ஓடுகின்றன. ஐந்துமே 2003, 2004 வாக்கில் வாங்கிய பென்டியம் 4. நான்கில் 512 எம்பி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்), ஒன்றில் மட்டும் 1 ஜிபி. அவற்றில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கும்பிடு போட்டதிலிருந்து ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் மாடியில் சும்மா கிடந்தவை. எடைக்குப் போட இருந்தவர், பிள்ளைகளுக்கு என்றதும் மினி லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். முதல் நன்றி அவருக்கு. தூசி தட்டவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, அது வேறு கதை.

அடுத்தது செல்போன் கடைத் தம்பிக்கு. மூன்று பெட்டிகள் பீப் பீப் என்று கத்தினவே தவிர திரையில் ஒன்றும் வரவில்லை. தம்பி ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். இரண்டு உடனே பேசின. மூன்றாவது, ஐந்து நிமிடம் ஓடி அணைந்தது. பிராசஸர் மேல் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்திருந்தது. புதிதாய்ப் பூசியதும் அதுவும் சரி. கூலி கேட்டால் "டீ வாங்கிக் கொடுங்க சார்" என்கிறார்.

எக்ஸ்பிக்குப் பதிலாக வேறு இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஏற்றப் பார்த்தோம், இந்தப் பெட்டிகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணினி எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் பிளாப் என்ற சின்னஞ்சிறு பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதிப் போட்டோம். சிடியில் கிளம்பி, பென்டிரைவை அது எழுப்பிவிட்டது. அதை எழுதி இலவசமாகக் கொடுத்த எல்மார் ஹான்ல்ஹோஃபருக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு வணக்கம்.

நாங்கள் நிறுவியது ஆன்டிஎக்ஸ் 23, பழைய கணினிகளுக்கேற்ற இலவச லினக்ஸ் இயங்குதளம். அதற்கு அடித்தளமான டெபியன் என்ற லினக்ஸ், 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் எங்களுடையவை போன்ற பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவும் மென்பொருளே கிடையாது. டெபியன் 12ஐ அடித்தளமாகக் கொண்ட இந்த ஆன்டிஎக்ஸ்தான் எங்களுக்கு அடைக்கலம். ஏறி நின்றதும் 200 எம்பி ரேம்கூட அது தின்னவில்லை. கிரீஸ் நாட்டுத் தெசலோனிகியிலிருந்து இதை ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வரும் குழுவுக்கும், அவர்களுக்கு அடியில் நிற்கும் டெபியன் தன்னார்வலர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி என் மானம் போன கதை. எல்லாம் தயார், செல்போனைக் கேபிளில் மாட்டி இணையமும் கொடுத்தாயிற்று. நான்கு பெட்டிகளில் பயர்பாக்ஸ் உலாவி எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று விரட்டியது. நான் ஒரு வாரம் ஆன்டிஎக்ஸை அழித்தழித்து நிறுவிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், இதுல 2004 ஜனவரினு போட்டிருக்கே?" என்றாள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருந்தது. மின்சாரத்தை அணைத்தால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். உலாவி சரிபார்க்கும் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. வாட்ச் ரிப்பேர் கடையில் சிஆர் 2032 நான்கு வாங்கினேன், பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் பெரியவருக்கும் என் தனி நன்றி. யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பத்து வருடம் கணினி சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லினக்ஸ் லேசானது, இன்றைய இணையம் லேசானதில்லை. 512 எம்பியில் பயர்பாக்ஸில் மூன்று பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். இசட்ரேம் போட்டபின் ஓரளவு தேவலை. ரேமில் இருப்பதை அமுக்கிச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் வித்தை அது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் பையை முழங்காலால் அழுத்தி ஜிப் போடுவார் இல்லையா, அதேதான். கம்ப்கேஷ் என்ற பெயரில் இதைத் தொடங்கிவைத்த நிதின் குப்தாவுக்கும் நன்றி. யூடியூப் மட்டும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். முணுமுணுத்தார்கள், பழகிவிட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்தது தட்டச்சுதான். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைக்கான விசைக்கோப்பை, லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் எம்17என்-இல் எழுதிச் சேர்த்தவர்கள் யாரென்று நான் தேடிப் பார்க்கவில்லை, அவர்களுக்கு ஒரு கும்பிடு. க, க என்று இருமுறை தட்டினால் 'க்க' ஆகிவிடுவதைக் கண்ட ஒரு பொடியன், "அக்கா, பக்கம், சுக்கு, கொக்கு" என்று அரைப்பக்கம் அடித்துத் தள்ளினான். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அப்புறம், ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் இந்தப் பெட்டிகளுக்குப் பொருந்தும் பழைய டிடிஆர் ஒன் ரேம் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 256 எம்பியாக இருந்தாலும் பரவாயில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் படிப்பகம் திறந்துதான் இருக்கும். அழிரப்பர் எங்களிடம் இருக்கிறது.