பேத்தியின் முதுகு குறித்து மகளுக்கு

சுங்கை சிப்பூட்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரே படத்தையும் மருத்துவரின் குறிப்பையும் நிதானமாகப் பார்த்தேன். பாப்பாவுக்கு இருப்பது ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு வலப்பக்கமாக 28 பாகை வளைந்திருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் என்ற முறையிலும் தாத்தா என்ற முறையிலும் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

உன்னை நீயே குறை சொல்லிக்கொள்ளாதே. புத்தகப் பையைச் சுமந்ததாலோ, கோணலாக உட்கார்ந்து கைப்பேசி பார்த்ததாலோ இது வருவதில்லை. இந்த வயதில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. ஆகவே சின்னவளையும் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார். எலும்பு வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்வதால், வளைவு இருந்தால் ஒரு பக்கத்து விலா மேடாகத் தெரியும்.

10 பாகைக்கு மேல் வளைவுள்ள பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு அவ்வப்போது பார்த்து வந்தாலே போதும். பாப்பாவுக்கு அது போதாது. அவளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை, இடுப்பெலும்பைப் பார்த்து வளர்ச்சியைக் கணிக்கும் ரிஸ்ஸர் குறியும் 0 என்று எழுதியிருக்கிறது, அதாவது இன்னும் நிறைய வளர்வாள். உயரம் வேகமாகக் கூடும் இந்தக் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். 50 பாகையைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் அது மெல்லக் கூடிக்கொண்டே போகக்கூடும் என்பதால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உன் அம்மா, இங்கே எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரிடம் காட்டலாம் என்கிறாள். நீவினால் வலி குறையலாம், வளைந்த எலும்பு நிமிராது. அதை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காது. மருத்துவர் சொன்ன பிரேஸையே, அதாவது உடம்பைச் சுற்றி அணியும் தாங்கியையே போடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 விழுக்காட்டினர் 50 பாகையைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 விழுக்காட்டினர்தான். ஒரு நாளைக்குச் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். பிரேஸ் வளைவை நேராக்கிவிடும் என்று பாப்பாவிடம் சொல்லாதே. கூடாமல் தடுப்பதற்காகவே அது என்று உள்ளபடி சொல். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும், முதுகு வளைவுக்கென்றே உள்ள ஸ்க்ரோத் பயிற்சியைக் கூடவே செய்யலாம், பிரேஸுக்குப் பதிலாக அன்று.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டிருப்பது கடினம், அதை நான் அறிவேன். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போட்டு, வியர்த்தால் மாற்றிவிடு. தினமும் தோலைப் பார். கழற்றிய பிறகும் சிவப்பு மறையாவிட்டால் பிரேஸ் செய்தவரிடம் காட்டு. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடு, பிள்ளைகள் கேலி செய்தால் அவர் பார்த்துக்கொள்வார். ஓட்டப் பந்தயத்திலிருந்து அவளை நிறுத்தாதே, ஓடும் நேரத்துக்குக் கழற்றிக்கொள்ளலாம். உசைன் போல்ட்டுக்கும் இதே முதுகு வளைவு உண்டு என்று அவளிடம் சொல்.

நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கும்போது, பழைய படத்தையும் கையோடு கொண்டுபோய், எத்தனை பாகை மாறியது என்று கேட்டுக் குறித்துக்கொள். பிரேஸுக்கு அளவெடுக்கும் நாளைச் சொல். நானும் உன் அம்மாவும் முதல்நாளே பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா