செல்ஃப் எடுக்காத காரும் புதுப் பேட்டரியும்

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

சில நாட்களாகக் காலையில் கார் கிளம்புவதில்லை என்றும், மெக்கானிக் வண்டியைப் பார்க்காமலே பேட்டரியை மாற்றிவிடலாம் என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றும் நேற்று நீ கூறினாய். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். டெல்லியின் ஜனவரிக் குளிரில் அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் தோற்பதில்லை. ஆனாலும் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டதா, வெறுமனே சார்ஜ் இறங்கியிருக்கிறதா, அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்னேட்டர் பழுதா என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தால், புதுப் பேட்டரியும் சில வாரங்களில் படுத்துக்கொள்ளும். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையையே உனக்கும் எழுதுகிறேன்.

முதலில் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. விளக்கு மங்கி, 'டக் டக் டக்' என்று விடாமல் ஒலி கேட்டால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், பலவீனமான பேட்டரியின் அழுத்தம் சட்டென்று சரிகிறது. சரிந்ததும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு பிடியை விட்டுவிடுகிறது. விட்டதும் அழுத்தம் மீள, மறுபடி பிடிக்கிறது. அந்த ஓயாத ஒலி இதுதான். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரையோ அதற்குச் செல்லும் ஒயரையோ சந்தேகப்படு. எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கோளாறு எரிபொருளிலோ ஸ்பார்க்கிலோ இருக்கும். பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து பானெட்டைத் திறந்து, பேட்டரியில் ஒயர் மாட்டும் முனைகளான டெர்மினல்களைப் பார். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலும், கிளாம்ப் கையால் அசைத்தால் திரும்பினாலும், நல்ல பேட்டரிகூடச் செத்ததைப் போலவே நடந்துகொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டு. வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டு ஷார்ட் ஆகக்கூடும். பொடியைத் தேய்த்து நீக்கச் சமையல் சோடா கரைத்த வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போதும். கையுறை அணிந்துகொள், ஹைட்ரஜன் வாயு வரக்கூடும் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது.

இதற்கும் சரியாகவில்லை என்றால், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் மலிவாகவே கிடைக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. முழுக்கச் சார்ஜ் செய்த பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்வேன். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அப்போதும் பன்னிரண்டிலேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ பார்க்கச் சொல். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே இந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். உன் வண்டி அவ்வளவு புதிதன்று.

குளிரில் ஆயில் கெட்டியாகி, பேட்டரிக்குள் வேதிவினையும் மந்தமாவதால்தான் இப்போது குறை வெளிப்படுகிறது. உண்மையில் அதைக் கெடுத்தது மே, ஜூன் மாதங்களின் 45 டிகிரி வெயிலாக இருக்கும். வெப்பம் நீரை வற்றச் செய்து தகடுகளை அரித்துவிடும். பேட்டரியின் மேல் தயாரிப்பு மாதம் பொறித்திருக்கும். மூன்று நான்கு ஆண்டுகள் கடந்திருந்தால் மெக்கானிக்கின் பக்கம் நியாயம் கூடுகிறது.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. நீ வாரம் முழுவதும் மெட்ரோவில் போகிறாய். நின்ற வண்டியிலும் அலாரம், கடிகாரம் முதலியவை 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போகும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு வாரத்தில் பாதி கரைந்துவிடும். முனிர்க்காவிலிருந்து ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஞாயிறுதோறும் போய்வரும் தூரத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவானது திரும்பக் கிடைத்தாலே அதிகம்.

ஆகவே முதலில் சார்ஜரில் இரவு முழுவதும் போட்டு, ஒரு நாள் நிறுத்திவைத்த பின் அளந்து பார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கடையில் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள். ஈயத்துக்கு மதிப்பு உண்டு. வாங்குவதற்கு முன், நின்றபோது, செல்ஃப் அடித்தபோது, ஓடியபோது என்று மூன்று அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா