முந்திரி இங்கேயே இருக்கிறது

பண்ருட்டி,
14.12.2025, ஞாயிறு

கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் டைப் அடிக்க எனக்கு விரல் வருவதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் டிவி சத்தம்தான் கேட்கிறது என்பாய். அதனால் பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பப் போகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி. படித்துவிட்டு அந்தக் கட்டைவிரலை மட்டும் அனுப்பி வைக்காதே.

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது தெருமுனையில் போகிறவர்களைக்கூட இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மார்கழி பிறக்க இரண்டு நாள்தான். அங்கே குளிர் எப்படி? காலில் சாக்ஸ் போடு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடு.

சரி, உன் சன்னி, அதுதான் அந்தக் கொரியாக் கால்பந்தாட்டக்காரன் சன் ஹியூங்-மின், அவன் விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவன் லண்டனுக்குத் திரும்பி வந்தானாமே. சித்தி மகன் போனில் காட்டினான். ஸ்லாவியா பிராக் என்று ஒரு அணியோடு மேட்ச். அது தொடங்குவதற்கு முன்னால் ஜெர்சி இல்லாமல் சாதாரண உடுப்பில் மைதானத்துக்குள் வந்து மைக்கைப் பிடித்துப் பேசினான். பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. சனங்கள் எழுந்து நின்றது புரிந்தது. ஆகஸ்டில் சியோலில் வைத்தே விடைபெற்று அப்படியே அமெரிக்கா போய்விட்டான் அல்லவா, டாட்டன்ஹாம் அணியில் ஆடிக்கொண்டு பத்து வருஷம் கூடவே இருந்த லண்டன்காரர்களுக்கு நேரில் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதற்காக நாலு மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திருக்கிறான். டாட்டன்ஹாம் ஹை ரோட்டில் சுவரில் அவன் படத்தைப் பெரிதாக வரைந்துவைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்தானாம். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று ஆயா உன்னை வாசலில் எத்தனை தரம் திருப்பி நிறுத்தியிருக்கும்! அந்தக் கொரியாப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

உனக்கு உடனே போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

ஆகஸ்ட் 3-ம் தேதி, அந்த சியோல் மேட்ச் அன்று, நீ ஸ்டேட்டஸில் வைத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வெள்ளை ஜெர்சி, முதுகில் ஏழு, நெஞ்சில் அந்த அணியின் சேவல். ஆயா அதைப் பார்த்துவிட்டு, முருகன் கொடியில் இருக்கவேண்டிய சேவல் பந்து மேல் ஏறி ஏன் நிற்கிறது என்று கேட்டது. நான் சேவலைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, சன்னி கண்டவள் மாதிரி இருந்தாய். (பேரைப் பார், நம் ஊரில் காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதற்கு வைத்த பேர்.)

அறுபத்துநாலாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். நியூகாசிலோடு மேட்ச், ஒன்றுக்கு ஒன்று சமன். அறுபத்தைந்தாவது நிமிஷத்தில் அவனை மாற்றியபோது இரண்டு அணி ஆட்களும் வரிசை கட்டி நின்று வழியனுப்பினார்கள். பெஞ்சில் போய் உட்கார்ந்து அவனும் அழுதான். அவன் அழுதான், நீயும் அழுதாய், அது சரி. ஒரு ஆட்டக்காரன் கிளப் மாறுவதற்கா இந்த அழுகை என்று அப்பா கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராகக் கிரவுண்டில் நின்றவள் நான், எனக்குத் தெரியும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஆனால் அவருக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, கயல்.

2018-இல் உலகக் கோப்பை நடந்தபோது சிதம்பரத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாய். கொரியா ஜெர்மனியை 2-0 என்று தோற்கடித்த மேட்ச். கடைசி நேரத்தில் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆசைப்பட்டு முன்னால் ஏறி வந்துவிட்டான், பந்து பறிபோனது, இவன் ஓடி ஓடிப்போய்க் காலி கோலுக்குள் தட்டிவிட்டான். ஜெயித்தும் அவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்று நீ விளக்கினாய். அப்புறம் எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டேன். "ஓடுறதுக்குதாம்மா" என்றாய். அதற்கடுத்த வருஷம் டிசம்பரில் பர்ன்லியோடு அவன் போட்ட கோலை அனுப்பினாய். தன் பக்கத்துக் கோல் அருகிலிருந்து ஏழெட்டுப் பேரை ஏமாற்றி ஒரே ஓட்டம். நான் ஸ்டாப் வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பன்னிரண்டு விநாடி, பந்தோடு. நம் மாவட்டத்தில் பந்தில்லாமல் ஓடுகிற பிள்ளைகளே கஷ்டப்படும். அந்த வருஷத்தின் அழகான கோல் என்று அதற்குப் புஷ்காஸ் விருது கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் எனக்கும் பிள்ளை மாதிரிதான்.

இந்த வருஷம் மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனலில் மான்செஸ்டர் யுனைட்டெடை 1-0 என்று ஜெயித்தார்களே, இங்கே ராத்திரி இரண்டரை மணி, கொரியாவில் உனக்கு விடிந்துவிட்டது. போன் அடித்ததும் அப்பா பதறிப்போய் எழுந்து லைட்டைப் போட்டார். "அம்மா, கப்பு! பதினேழு வருஷம் கழிச்சு கப்பும்மா!" என்று கத்தினாய். அவன் இடுப்பில் கொரியாக் கொடியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற படத்தை அனுப்பினாய். 454 மேட்ச், 173 கோல், ஒரு சீசன் முழுக்க 23 கோல் போட்டு லிவர்பூல் சாலாவோடு சமமாகத் தங்க பூட்ஸ் விருது, எல்லாம் இருந்தும் கையில் ஒரு கோப்பை இல்லாமல் இருந்த பிள்ளை. அது கிடைத்ததும் கிளம்பிவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நீ அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

உன் லேப் ஒப்பந்தம் எந்த மாதம் வரை என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் ஒருதரம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். உன் கட்டுரை வந்த பத்திரிகையை சித்தி மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் டீச்சர்களிடம் காட்டினேன். முதல் பேர் உன் பேர். சயின்ஸ் டீச்சர் மட்டும் புரிந்த மாதிரி தலையாட்டினார், பொய்தான். தீபாவளிக்கு நீ பேசியது இரண்டே நிமிஷம். "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று காலண்டரில் போடவில்லை.

சன்னி என்ன செய்தான் பார். சியோல் மேட்சுக்கு முந்தின நாளே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இந்தக் கோடையோடு கிளம்பப் போகிறேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டான். வந்தபோது இங்கிலீஷ் தெரியாத சின்னப் பையன், போகும்போது பெரிய ஆளாகப் போகிறேன், வேறு இடம் வேண்டியிருக்கிறது என்றான். அவ்வளவுதானே. யாரும் அவனைத் துரத்தினார்கள் என்று பேசவில்லை, தோற்றுவிட்டான் என்றும் பேசவில்லை. ஒரு இடம் முடிந்துவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்று வீட்டு மனுஷர்களிடம் சொல்லலாம். நான் பொதுவாகச் சொல்கிறேன்.

அதே மேட்சில் இன்னொன்று நடந்ததே, எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். மாடிசன் என்கிற பையன், மாற்று ஆளாக உள்ளே வந்தவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். விழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது லேசில் ஆறாது என்று. அத்தனை பேர் ஒருவனை வழியனுப்ப வந்த இடத்தில் இன்னொருவன் சத்தமில்லாமல் போனான். உனக்கு முழங்கால் வலி இல்லையே? சாக்ஸ் போடு. குளிரில் பழைய அடி எல்லாம் எழுந்து உட்காரும்.

இனி எழுதப்போவதை அப்பாவுக்குச் சொல்லாதே.

சன்னியின் அப்பா அந்தக் காலத்து ஆட்டக்காரர், காலில் அடிபட்டுச் சீக்கிரமே நிறுத்தியவர் என்று நீதான் சொன்னாய். பந்தைக் கீழே விடாமல் தட்டு, தட்டு என்று மணிக்கணக்கில் மகன்களை நிறுத்திவைப்பாராம். ரொம்பக் கண்டிப்பு. என்ன மனுஷன் என்று அன்றைக்கு நான் திட்டினேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இந்தத் தாளைக் கிழித்தேன் என்றேனே, அந்த நோட்டுக்குள் ஒரு கார்பன் காப்பி இருந்தது. 2010 ஜூலை, ரெவின்யூ மாவட்டப் போட்டிக்கு நான் எழுதிய பட்டியல். பதினெட்டுப் பேர். நீலக் கார்பன் மங்கி ஊதாவாகிவிட்டது. நாலாவது பேர் உன் பேர். அதன் மேல் கோடு. கோடு அழுத்தமாக விழுந்து, காப்பித் தாளே அந்த இடத்தில் லேசாகக் கிழிந்திருக்கிறது.

செலக்‌ஷன் கமிட்டி எடுக்கவில்லை என்று உனக்குச் சொன்னேன். கமிட்டி கிமிட்டி எதுவும் இல்லை. நான்தான். அந்த வாரம் அத்தை வந்திருந்தபோது வெயிலில் பிள்ளை கறுத்துவிட்டாள், பத்தாவது வேறு, பந்தும் அரைக்கால் சட்டையும் எதற்கு என்றார்கள். அத்தை மேல் பழி போடவும் முடியாது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளிடம், அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவள் நான். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை ஒருத்திக்காக மூன்று தரம் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். உன் இடத்தில் அவளைத்தான் எழுதினேன். இன்று அவள் போலீஸில் இருக்கிறாள். போன பொங்கலுக்குக் கூட வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் குனியும்போதெல்லாம் எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

2018-இல் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனபோது பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாய். "நம்ம கடலூர் இந்துமதிம்மா!" என்றாய். பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போனேனே, அடுப்பில் பாலே இல்லை.

சன்னிக்குத் தன் கடைசி மேட்ச் எது என்று தெரிந்திருந்தது. நீ கடைசியாக ஆடியது நெல்லிக்குப்பத்தோடு, ஒரு சனிக்கிழமை. சேற்றில் ஆடினீர்கள். உன் ஷூவில் ஒன்றுக்குக் கயிறு அறுந்து சணலைக் கட்டியிருந்தாய். முடிந்ததும் பம்பில் காலைக் கழுவிக்கொண்டே, அடுத்த வாரம் புதுக் கயிறு வாங்கித் தாம்மா என்றாய். சரி என்றேன். பட்டியலில் அதற்கு முந்தின நாளே கோடு போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் படத்தில் உன் முகத்தைப் பார்த்தபோது, இவள் சன்னிக்கு மட்டும் அழவில்லை என்று தோன்றியது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தே தீரவேண்டும் என்றும் இல்லை. வேலை விஷயமாக இருந்தாலும் சரி, வேறு ஏதாவதாக இருந்தாலும் சரி. நான் உன் பேரை அடித்தவள். நீ எதை அடித்தாலும், எதை விட்டாலும், கேள்வி கேட்கிற இடத்தில் நான் இல்லை. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு எப்படிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். அக்டோபரில் உனக்கு ஒரு பார்சல் போட்டேன். முந்திரி இரண்டு கிலோ, முழுப் பருப்பு, நானே பொறுக்கியது. பருப்புப் பொடி, ஆயா பின்னிய கம்பளித் தொப்பி ஒன்று. சுவோன் விலாசத்துக்குத்தான். போன வாரம் அது திரும்பி வந்துவிட்டது. பெட்டி மேல் கொரிய எழுத்தில் ஏதோ சீட்டு ஒட்டியிருக்கிறது. சித்தி மகன் போனை வைத்துப் படித்துக் காட்டினான். இந்த விலாசத்தில் இப்போது இல்லை என்று இருக்கிறதாம். அவனிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி ஐம்பது ரூபாய் கொடுத்தேன். பெட்டியைப் பீரோவில் உன் பழைய ஜெர்சிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேர்ந்துவிட்டதா என்று அப்பா கேட்டதற்கு, சேர்ந்தது, உனக்குப் பிடித்திருந்ததாம் என்று சொல்லிவிட்டேன்.

முந்திரி இன்னும் ஒரு மாதம் தாங்கும். அதற்கப்புறம் காறல் வாசம் அடிக்கும். எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று மட்டும் எழுது. கொரியா என்றாலும் சரி, வேறு எந்த ஊர் என்றாலும் சரி. பேர் பின்கோடு எல்லாம் ஒழுங்காக எழுது. இங்கேயே வந்து சாப்பிடுவதென்றால் அதையும் எழுது.

சாக்ஸ் போடு.

அம்மா